கையால் எடைபோட்ட பவர் சப்ளை

சர்வீஸ் மேசையில் வாரண்டி சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு சாம்பல் நிறச் சிமெண்ட் துண்டை வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வாரம் நான் கடைக்கு வந்தபோதுகூட ஆளாளுக்கு அதை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தீர்கள். சோப்புக் கட்டி அளவுதான். இரண்டு ஓரத்திலும் ஸ்க்ரூ போகிற ஓட்டை இருக்கிறது. சுவரிலிருந்து பெயர்ந்த சிமெண்டுக்கு ஸ்க்ரூ ஓட்டை எதற்கு என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். உங்கள் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் இது ஒன்றுதான்.

அம்பத்தூரில் நம் கடையின் அதே மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்று எழுந்தேன். பாகம் பாகமாக வாங்கி முதன்முதலாகக் கம்ப்யூட்டர் சேர்க்க வருகிறவர்களுக்கு, அந்தப் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளையில் எதைக் கொடுப்பது என்று உங்களுக்கு எழுதித் தரச் சொன்னார் முதலாளி. எத்தனை வாட்ஸ் வேண்டும் என்கிற கணக்கைப் போனிலேயே பார்த்துக்கொள்ளும் ஆட்கள் நீங்கள். அதை நான் எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தச் சிமெண்ட் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மற்றது அதிலேயே இருக்கிறது.

முதலில் என் வலது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை காட்டிக்கொடுத்தவர், புது பவர் சப்ளை எது வந்தாலும் பெட்டியோடு ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே செம்புச் சுருள் நிறைய இருந்தால், சூடு தணிக்கும் அலுமினியப் பட்டை தடிமனாக இருந்தால், கனமாக இருக்கும். வெறும் தகர டப்பா என்றால் காற்றுப் போல வரும். அந்த வித்தை எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கடைக்காரர்கள், டீலர்கள் எல்லோரும் என்னிடம் பெட்டியை நீட்டி, "மேடம், கைல எடுத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். நானும் ஜோசியக்காரி மாதிரி கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு அதில் பெருமை. இல்லை என்று இப்போது எழுதினால் பொய்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில், வழக்கமாக நாம் வாங்கும் பவர் சப்ளை சந்தையில் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் புது கம்பெனிப் பெட்டி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்தார். மேலே பெரிய எழுத்தில் 550 வாட்ஸ். முதலாளி என்னைப் பார்த்தார். நான் எடுத்துத் தூக்கினேன். நல்ல கனம். "எடுத்துக்கலாம் சார்," என்றேன். பத்துப் பெட்டி இறங்கியது.

ஒரு சனிக்கிழமை கல்பனா வந்தார். தேனிப் பக்கத்துப் பெண். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, பக்கத்து மேனாம்பேட்டில் மாடி வீட்டில் வாடகை, ஒன்றரை வயதில் ஒரு குழந்தை. கட்டப்போகும் வீட்டின் உள்ளமைப்பைக் கம்ப்யூட்டரிலேயே நிஜப் புகைப்படம் போல வரைந்து தருவது அவருடைய தொழில். ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லி வேலை கொடுத்திருந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு வீட்டுக்கான எட்டுப் படங்களை அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை. பழைய லேப்டாப்பில் ஒரு படம் முடிய ஒரு நாள் ஆகிறது என்பதால்தான் டெஸ்க்டாப் சேர்க்க வந்திருந்தார்.

"இது போச்சுன்னா வேற வேலை தேட முடியாது மேடம். பிள்ளைய விட்டுட்டு வெளிய போற மாதிரி எங்களுக்கு வசதிப்படாது," என்றார். அழுத்திக்கூடச் சொல்லவில்லை, பட்டியலில் இன்னொரு பொருளைச் சொல்வது போலச் சொன்னார்.

எல்லாப் பாகத்தையும் எடுத்து வைத்தோம். பவர் சப்ளைப் பெட்டியை அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மேடம், கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பன்னெண்டு வோல்ட்லதான ஓடும்? இதுல பன்னெண்டு வோல்ட்டுக்கு பதினெட்டு ஆம்பியர்னு போட்டிருக்கு. பெருக்கினா எரநூத்திப் பதினாறுதான வருது. மேல ஐநூத்தம்பதுன்னு எழுதியிருக்கே, மிச்சம் எங்க போச்சு?"

இந்தக் கேள்வியை நீங்கள் இரண்டு தடவை படியுங்கள். முதன்முறையாகக் கம்ப்யூட்டர் வாங்க வந்த ஒரு பெண், கையில் இருக்கிற பொருளைப் படித்து, வாய்ப்பாடு போட்டுக் கேட்ட கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லேபிள்ல ஆயிரம் போடுவாங்கம்மா. கைல தூக்கிப் பாருங்க, எவ்ளோ கனம். கண்ண மூடிட்டு வாங்கிக்கோங்க." அவர் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, கனமாத்தான் இருக்கு," என்றார். குரலில் முழுச் சம்மதம் இல்லை. அது என் காதில் விழுந்தது, நான் பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்பனாவிடமிருந்து போன் வந்தது. படம் முக்கால்வாசி உருவானதும் மெஷின் சட்டென்று அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் ஓடுகிறது, திரும்ப அதே இடத்தில் அணைகிறது. கணவர் வேலைக்குப் போகிற வழியில் மெஷினைக் கடையில் கொண்டுவந்து இறக்கினார். நான் போட்டேன். ஓடியது. வீடியோ ஓட்டினேன், நாலு விண்டோ திறந்து வைத்தேன், இரண்டு மணி நேரம் கம்மென்று ஓடியது. கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிற மாதிரி நான் எதையும் ஓட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை. நம் மேசையில் ஓடுகிறது என்றால் அவர்கள் வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறு. இது நம் தொழிலில் எல்லோருக்கும் வாயில் தயாராக இருக்கிற தீர்ப்பு, எனக்கும் இருந்தது.

புதன்கிழமை காலை மீட்டரையும் டெஸ்ட் பல்பையும் பையில் போட்டுக்கொண்டு மெஷினோடு மேனாம்பேட்டுக்குப் போனேன். கீழ் வீட்டில் வீட்டுக்காரர் ஏகாம்பரம். அந்த ஊரிலேயே பிறந்தவர், முன்பு நிலம் வைத்திருந்தவர், இப்போது மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் மீட்டர் பெட்டியைத் திறந்ததுமே பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"இன்னாம்மா, என் ஊட்டு கரண்ட்டுல இன்னா கொற கண்ட?"

"பாக்கறேன்யா. இன்னும் ஒண்ணும் சொல்லல."

"இதே கரண்ட்டுலதான் டிவி ஓடுது, ப்ரிஜ்ஜு ஓடுது, தண்ணி மோட்டர் ஓடுது. அதுங்கல்லாம் கம்முனு கீது. உன் பொட்டி ஒண்ணுதான் பேஜார் பண்ணுது. அப்போ கோளாறு எங்க கீதுன்னு நீயே சொல்லு."

அவர் சொன்னது சரியான தர்க்கம். ஆனால் எனக்கு அதைக் கேட்கிற பொறுமை இல்லை. மாடிக்குப் போய் மின்னழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு டெஸ்ட் பல்பின் ஒரு கம்பியை மின்சாரம் வரும் துளையிலும், இன்னொன்றை மேலே இருக்கிற பெரிய எர்த் துளையிலும் வைத்தேன். பல்பு எரியவே இல்லை. வீட்டுக்கு எர்த் இணைப்பு இல்லை. (பழகாதவர்கள் இந்தச் சோதனையில் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.) கல்பனாவும், "கம்ப்யூட்டர் கேபினெட்டத் தொட்டா சில நேரம் சுர்ருனு இருக்கும் மேடம்," என்றார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா? குற்றவாளி அகப்பட்டுவிட்டான், அவன் என் கடை ஆள் இல்லை.

கீழே வந்து, எர்த் கம்பியை மண்ணில் இறக்கியிருக்கும் குழியைத் தேடினோம். கோடையில் மண் காயாமல் இருக்க அந்தக் குழியில் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கம். ஏகாம்பரம் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன் வண்டி நிறுத்துவதற்காக அந்த இடத்துக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், கம்பி அதிலேயே அறுந்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மேஸ்திரி சொல்லவே இல்லியே," என்றார். அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து, ஒட்டின டைல்ஸை உடைத்து, வியாழக்கிழமை காலைக்குள் புதுக் கம்பி போட்டுவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் மறுபடி போய் வைத்துப் பார்த்தேன், பல்பு பளிச்சென்று எரிந்தது. கல்பனா படத்தை ஓட விட்டார். நான் வெற்றியோடு கடைக்குத் திரும்பினேன்.

மதியம் பன்னிரண்டரைக்குப் போன். படம் முக்கால்வாசியில் மறுபடி அணைந்துவிட்டது.

எர்த் இல்லாததால் மெஷின் அணையாது என்பது எனக்கு முதலிலேயே தெரியும். எர்த் என்பது தொடுகிற ஆளைக் காப்பாற்ற. அது இல்லாமல் இருந்தது ஆபத்துதான், அதைச் சரிசெய்ததும் நல்லதுதான். ஆனால் கல்பனாவின் மெஷின் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு கோளாறு இருக்கலாம். நமக்கு வசதியான கோளாறு முதலில் கண்ணில் பட்டால், அதோடு தேடுவதை நிறுத்திவிடுவோம். நான் அதைத்தான் செய்தேன்.

போனில் கல்பனா நிதானமாகத்தான் பேசினார். "எட்டுல, லேப்டாப்ல முடிச்சு இதுல ஏத்தின ரெண்டுதான் இருக்கு மேடம். நாளைக்கு அஞ்சு மணி. படத்தச் சின்னதாக்கிட்டா அணையாம ஓடுது. அப்படியே தள்ளிட்டுப் போயிரட்டா?"

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். தள்ளிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு நாள் கிடைக்கும். ஒருவேளை ஓடியும் விடும். ஆனால் அந்த நிமிடம் அவருடைய பதினெட்டு ஆம்பியர் கேள்வி என் தலைக்குள் மணி அடித்த மாதிரி திரும்ப வந்தது. 216. கார்டும் பிராசசரும் முழு வேகத்தில் போனால் 250-ஐத் தாண்டும். பெரிய படம் என்றால் முக்கால்வாசியில் சூடேறி அணைகிறது, சின்னது என்றால் அதற்குள் முடிந்துவிடுகிறது. இது கரண்ட் விவகாரமே இல்லை, பாரம் தாங்காமல் மூச்சு வாங்குகிற பவர் சப்ளை. அப்படிப்பட்டது ஒரு நாள் அணைவதோடு நிறுத்தாது. போகும்போது போர்டையும், டிஸ்க்கில் இருக்கிற இரண்டு படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

"வேணாம். ஸ்விட்ச் அணைச்சா போதாது, ப்ளக்கையே புடுங்கிடுங்க. நான் வரேன்," என்றேன். நேரில் போய்ப் பவர் சப்ளையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். வாசலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார், உடைந்த டைல்ஸ் பக்கத்தில் குவிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து மேசையில் வைத்துத் திறந்தேன். நீங்கள் யாரும் வாடிக்கையாளரிடம் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும், அது ஆளைத் தூக்கிப் போடும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைத்தேன். வருகிற மின்சாரத்தை வடிகட்ட வேண்டிய சுருள் இருக்கும் இடத்தில் வெறும் கம்பித் துண்டை வளைத்து வைத்துச் சால்டர் செய்திருந்தார்கள். அலுமினியப் பட்டை தகடு மாதிரி இருந்தது. அப்படியானால் கனம் எங்கிருந்து வந்தது? மூலையில் கருப்பு டேப் சுற்றி, இரண்டு ஸ்க்ரூ போட்டு ஒன்றை இறுக்கி வைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். சிமெண்ட்.

எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. எங்கேயோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். கையால் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அச்சு வார்த்து, ஓட்டை விட்டு, ஸ்க்ரூ போட்டு, என் கைக்கென்றே ஒரு பொருள் செய்து அனுப்பியிருக்கிறான். அவனுக்கு என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது, எனக்கு அவனைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம்தான் வெட்கம் வந்தது, காது மடல் சூடாகிற அளவுக்கு. எனக்கு வேலை காட்டியவர் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதுச் சரக்கு எது வந்தாலும் அதில் ஒன்றைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்றதை அலமாரியில் ஏற்றுவார். தூக்குவது சுலபமாக இருந்ததால் அதை எடுத்துக்கொண்டேன், பிரிப்பது நேரம் பிடித்ததால் விட்டுவிட்டேன்.

துண்டை முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "நான்தான் சார் எடுத்துக்கலாம்னு சொன்னேன்," என்றேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இதை வாங்கிப்போனவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு முன் கல்பனாவுக்கு இன்றைக்கே நல்லதொன்று வேண்டும், அலமாரியில் மிச்சம் இருப்பதெல்லாம் இதே ரகம், நல்ல சரக்கு சனிக்கிழமைதான் வரும் என்றெல்லாம் சொன்னேன்.

"சனிக்கிழம வந்து என்ன புண்ணியம்? நம்மகிட்ட வேற எதுலயும் இல்லியா?"

"ஒண்ணுல இருக்கு. உங்க பில்லிங் மெஷின்ல."

அது முன்பு கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்த மெஷின். அதில் இருந்தது நிஜமான 550. அவர் அதில் பாதியில் இருந்த பில்லை முடித்தார். பிறகு எழுந்து இழுப்பறையிலிருந்து பழைய கைப் பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் எடுத்து வைத்துவிட்டு, "கழட்டிக்கோங்க," என்றார். நான் அவரிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

இந்த முறை தூக்கிப் பார்க்கவில்லை, லேபிளைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு நாற்பத்தைந்து ஆம்பியர். பெருக்கினால் 540. அரசாங்கத் தர முத்திரையின் எண்ணும் இருந்தது. மூன்றரை மணிக்கு மேனாம்பேட்டில் மாட்டினேன். மாட்டிக்கொண்டே கல்பனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிமெண்டையும் சொன்னேன். வீட்டு மின்சாரத்தின் மேல் பழி போட்டு இரண்டு நாளை வீணாக்கியதையும் சொன்னேன். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டப்பவே நின்னு பேசியிருக்கலாம்ல மேடம்?"

"பேசியிருக்கணும். தப்பு என்னோடது," என்றேன்.

கீழே இறங்கியதும் ஏகாம்பரத்திடமும் போய், உங்கள் கரண்ட் சரி, எங்கள் பெட்டிதான் சரியில்லை என்று ஒத்துக்கொண்டேன். "அத்தத்தான் நான் மொத நாளே சொன்னேன்," என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பவர் சப்ளை வாங்கிப்போன மற்ற ஆறு பேரையும் போனில் கூப்பிட்டேன். அதில் ஒருவர், "நல்லாத்தான ஓடுது, நீங்க ஏன் பீதியக் கெளப்புறீங்க," என்று என்னையே அதட்டினார். அவரிடம் நாலு தடவை பேச வேண்டியிருந்தது. முதலாளி கையால் பில் எழுதிக்கொண்டே அரைமணிக்கு ஒரு தடவை என்னைப் பார்ப்பார், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நாலே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. "எட்டும் அனுப்பிட்டேன் மேடம். ஒரு தடவைகூட அணையல." நான் அதை முதலாளிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் கல்பனாவுக்கு வேலை உறுதியானது.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் இருக்கும். கல்பனா ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பார்த்தால் ஏகாம்பரம். மூன்று வீட்டு வாசலிலும் கேமரா போட்டிருக்கிறாராம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க அவருக்குச் சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் வேண்டுமாம். பாகங்களை எடுத்து வைத்தேன். அவர் நேராகப் பவர் சப்ளைப் பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு தூக்குத் தூக்கினார்.

"நல்லா கனமா கீது. இத்தயே குட்த்துடு."

கல்பனா என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த சிமெண்ட் துண்டை எடுத்து ஏகாம்பரத்தின் இன்னொரு கையில் வைத்தேன். அவர் இரண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுவுந்தான் கனமா கீது. அப்போ இன்னாத்தத்தான் பாக்கறது?"

"பன்னெண்டு வோல்ட்டுக்கு எதுத்தாப்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்கய்யா," என்று கல்பனா பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ஏகாம்பரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்து, என்னிடம் கால்குலேட்டர் வாங்கிப் பெருக்கியும் பார்த்தார். விடை சரியாக வந்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். பெட்டியைக் கட்டும்போது திடீரென்று கேட்டார்.

"ஆமா, ஊர்ல கீற ஊட்டுக்கெல்லாம் போயி பல்பு வெச்சுப் பாக்கறியே. உன் ஊட்டுல எர்த் கீதா?"

"இல்லாம இருக்குமா," என்று சிரித்தேன். சிரித்துவிட்டேனே தவிர, நான் என் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று மாலை போனதும் முதல் வேலையாக டெஸ்ட் பல்பை எடுத்து என் கம்ப்யூட்டர் இருக்கும் ப்ளக் பாயிண்டில் வைத்தேன்.

பல்பு எரியவில்லை.

வேறு வழி இல்லாமல், அந்த எலக்ட்ரீசியன் நம்பர் கேட்டு ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, உன் ஊட்டு கரண்ட்டுல இன்னா கொற கண்ட?"